ராத்திரி ரயிலில் பிள்ளைகளோடு: எது கெட்டால் எதை முதலில் பார்ப்பது

சென்னையில் பிழைப்பு, திருநெல்வேலிப் பக்கம் மாமியார் வீடு. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. பள்ளி லீவு, கோயில் கொடை, யாருக்காவது கல்யாணம் என்று வருஷத்துக்கு நாலைந்து தடவை எழும்பூரில் ஏறி, விடிய விடிய 650 கிலோமீட்டர் போகிறோம். நெல்லை, கன்னியாகுமரி, அனந்தபுரி, எதில் டிக்கெட் கிடைக்கிறதோ அதில். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று கெடும். ஆனால் புதிதாக எதுவும் கெடுவதில்லை, அதே ஏழெட்டுதான் மாறி மாறி வரும். அதனால் எதை முதலில் பார்ப்பது என்று ஒரு வரிசை கைக்கு வந்துவிட்டது. காசு செலவில்லாததில் தொடங்கி, ரயில்வே உதவி எண்ணான 139-க்குப் போன் போடுவதில் முடியும்.

விளக்கை அணைத்தும் தூங்கவில்லை

*சிணுங்குகிறது, புரள்கிறது, பெரிதாக அழவில்லை என்றால்*

முதலில் வெளிச்சம். நம் பகுதி விளக்கை அணைத்திருப்போம். நடைபாதை விளக்கு குழந்தையின் கண்ணுக்கு நேரே எரிந்துகொண்டிருக்கும். நாம் உட்கார்ந்திருக்கும்வரை அது தெரியாது. குழந்தையின் தலைக்குப் பக்கத்தில் நாமும் தலையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நடு பர்த்தைத் தூக்கி மாட்டியபின் அதன் ஓரத்தில் ஒரு துப்பட்டாவைச் செருகித் தொங்கவிட்டால் கீழ் பர்த் தொட்டில் மாதிரி இருட்டாகிவிடும். வெளிர்நிறத் துப்பட்டா உதவாது.

அடுத்தது சூடும் குளிரும். கையையும் காலையும் தொட்டுப் பார்க்காதீர்கள், அவை எப்போதும் ஏமாற்றும். பின்கழுத்தில், சட்டைக்கு உள்ளே இரண்டு விரலை விடுங்கள். ஈரமாக இருந்தால் உடுப்பு அதிகம். ஒருமுறை அரை மணி நேரமாக மகனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். எதிர் பர்த்தில் இருந்த ஆச்சி அதுவரை வாய் திறக்கவில்லை. கடைசியில், "ஏம்மா, பிள்ளைக்கு அந்தச் சட்டையக் கழத்தும்மா, உச்சந்தலை நனைஞ்சு கெடக்கு" என்றார். கழற்றிய இரண்டாவது நிமிடம் தூங்கிவிட்டான். ஏசி பெட்டியில் பிரச்சினை இதற்கு நேர்மாறாக வரும். மேல் பர்த்துக்குக் குளிர்காற்று நேராக அடிக்கும். பெட்டி உதவியாளரிடம் சொன்னால் குளிரைக் கொஞ்சம் குறைப்பார். போர்வையைக் குழந்தையின் முகம்வரை இழுத்து மூடுவது தீர்வாகாது.

இரண்டும் சரியாக இருந்தால், குழந்தைக்கு இன்னும் தூக்கமே வரவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஆட்டோவில் கண்ணயர்ந்திருக்கும். அந்த அரை மணித் தூக்கம் ராத்திரியில் இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். பயண நாளில் மதியத் தூக்கத்தை மூன்று மணியோடு முடித்துவிடுவேன். எழும்பூருக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ப் பிளாட்பாரத்தில் கடைசிப் பெட்டிவரை நடக்கவிடுவோம். இன்ஜின் பார்க்கக் கூட்டிப்போவது இன்னும் நல்லது, திரும்பி வரும்போது கால் தள்ளாடும்.

போனைக் கொடுப்பது கடைசி வழி. கொடுத்தால் ஒலியை முழுக்க நிறுத்திவிட்டுக் கொடுங்கள். இன்னொன்று, ராத்திரி 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயிண்டுகளில் மின்சாரத்தை நிறுத்திவிடுவது உண்டு. விடியற்காலையில் இறங்கும்போது நமக்குத்தான் போன் வேண்டும்.

*நன்றாகத் தூங்கி, நடு ராத்திரியில் வீறிட்டு எழுந்தால்*

வண்டி நிற்கிறதா என்று பாருங்கள். விழுப்புரத்திலும் திருச்சியிலும் எங்களுக்கு இது தவறாமல் நடக்கும். ஆட்டம் நின்றதும் குழந்தை விழித்துவிடும், மேலே "டீ காபி, டீ காபி" வேறு. இதற்கு எதுவும் செய்யக்கூடாது. தூக்கக்கூடாது, பேசக்கூடாது, விளக்கைப் போடக்கூடாது. கையை முதுகில் வைத்திருந்தால் போதும், வண்டி நகர்ந்ததும் அடங்கிவிடும். பதறித் தூக்கி உட்காரவைத்தால் அடுத்த ஒரு மணி நேரம் நம்மோடு கதை பேசும்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அழுதால் டயப்பர், பசி, மூக்கடைப்பு, காது என்ற வரிசையில் பாருங்கள். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுதால் காதுவலியாக இருக்கலாம். பிறகு டார்ச் அடித்து விரிப்பைப் பாருங்கள், மூட்டைப்பூச்சியோ கரப்பானோ இருக்கலாம். கண் திறந்திருக்கிறது, ஆனால் அம்மாவையே அடையாளம் தெரியாமல் கத்துகிறது என்றால் அரைத்தூக்கத்தில் இருக்கிறது. உலுக்கி எழுப்ப வேண்டாம். விழாமல் அணைத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் தானே ஓயும்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* விட்டு விட்டு, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுகிறது, நடுவே வெளுத்துத் துவள்கிறது, வாந்தியும் இருக்கிறது என்றால் அது தூக்கப் பிரச்சினை அல்ல. டிக்கெட் பரிசோதகரான டிடிஇ-யிடம் சொல்லுங்கள். 139-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் மருத்துவம், பாதுகாப்பு உதவிக்குப் போகும். ரயில் எண், பெட்டி, பர்த், அடுத்து நிற்கப்போகும் ஸ்டேஷன், குழந்தையின் வயது ஆகிய ஐந்தையும் சொன்னால் பெரிய ஸ்டேஷனில் மருத்துவர் வந்து பார்க்க ஏற்பாடு செய்வார்கள்.

பர்த் ஆளுக்கொரு மூலையில் கிடைத்திருக்கிறது

இதை முன்பதிவு செய்யும்போதே பாதி சரிசெய்யலாம். டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி தளத்தில் "குறைந்தது ஒரு கீழ் பர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய்" என்று ஒரு தேர்வு இருக்கிறது. எல்லாரும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும் என்பதற்கும் தனியாக ஒன்று உண்டு. ஐந்து வயது ஆகாத குழந்தைக்கு பர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயது ஆகாதவர்களுக்கு பர்த் வேண்டாமென்றால் அரைக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். அரைக் கட்டணத்தில் ஏழு வயதுப் பெண்ணை என் பக்கத்தில் படுக்கவைத்துப் பார்த்தேன். மிச்சப்படுத்திய காசு மறுநாள் முதுகுவலித் தைலத்துக்குப் போனது. இப்போது அவளுக்குத் தனி பர்த்.

எண்ணைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் எட்டெட்டாக வரும்: 1, 4 கீழே, 2, 5 நடுவே, 3, 6 மேலே, 7 பக்கவாட்டுக் கீழ், 8 பக்கவாட்டு மேல். அடுத்த எட்டும் அப்படியே. முதல் எட்டும் கடைசி எட்டும் கழிவறைப் பக்கம். ராத்திரி முழுக்கக் கதவு அடிக்கும்.

ஏறியபின் மாற்றிக்கொள்ள வேண்டுமானால் ஒன்பது மணிக்குள் கேளுங்கள். விரிப்பை விரித்துப் படுத்தவரை எழுப்பிக் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். நம்மிடம் இருப்பதில் நல்லதைக் கொடுப்பதாகச் சொல்லிக் கேட்க வேண்டும். பக்கவாட்டு மேல் பர்த்தைக் காட்டி, "அண்ணா, உங்க லோயரைக் கொடுங்க" என்றால் கிடைக்காது. "அண்ணா, இது அப்பர்தான், ஆனா பெட்டிக்கு நடுவுல இருக்கு, யாரும் உங்களை எழுப்ப மாட்டாங்க" என்றால் தனியாகப் போகும் இளைஞர்கள் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள். பெரியவர்களிடம் கேட்பதை நான் விட்டுவிட்டேன், அவர்களுக்கும் முழங்கால் இருக்கிறது. யாரும் மசியாவிட்டால் டிடிஇ. ஆனால் காலியாகும் பர்த் முதலில், உட்கார மட்டும் இடம் கிடைத்த ஆர்ஏசி-காரர்களுக்குப் போகும் என்பதால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

பர்த்திலிருந்து விழுந்துவிடுமோ என்று பயம், அல்லது விழுந்தேவிட்டது

பள்ளிக்கூடம் போகிற வயது வரும்வரை மேல் பர்த் வேண்டாம். தடுப்புக் கம்பி இருக்கிறதே என்பார்கள். அந்த இடைவெளியில் என் மகன் முழுசாக நுழைந்து வருவான்.

கீழ் பர்த்தில் முதுகு சாயும் சுவர்ப்பக்கம் குழந்தை, வெளிப்பக்கம் நாம். அகலம் ஏறத்தாழ இரண்டடிதான் என்பதால் ஒருக்களித்தே படுக்க வேண்டும். குழந்தையின் தலை ஜன்னல் பக்கம் இருக்கட்டும், நடைபாதைப் பக்கம் வைத்தால் போகிற வருகிற சூட்கேஸெல்லாம் இடிக்கும். இரண்டு கீழ் பர்த்துக்கும் நடுவே தரையில் துணிப்பைகளை நிரப்பிவிடுவோம். விழுந்தாலும் மெத்தையில் விழும், பைக்கும் காவல். பக்கவாட்டுக் கீழ் பர்த் என்றால் இரண்டு பலகையும் சேரும் இடத்தில் உள்ள பள்ளத்தைப் போர்வையை மடித்து அடையுங்கள், குழந்தையின் கை அதில்தான் போய் மாட்டும்.

2022 மே மாதம் லக்னோ மெயிலில் ஒரு பெட்டியில் கீழ் பர்த்தோடு மடிக்கிற குட்டி பர்த் ஒன்றை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். எழும்பூருக்கு அது வரும்வரை பைதான்.

விழுந்துவிட்டால்: உடனே அழுதால் பாதி நிம்மதி. குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வீக்கத்தில் வையுங்கள். நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத மயக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் அல்லது ரத்தம், இதில் எது இருந்தாலும், அல்லது ஒரு வயதுகூட ஆகாத குழந்தை என்றாலும், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 139.

வாந்தி

*ஒரே தடவை, அதன்பின் சிரிக்கிறது என்றால்* சாப்பாட்டுக் கோளாறு. ஏறும் அவசரத்தில் ஊட்டியது, ஸ்டேஷனில் வாங்கிய எண்ணெய்ப் பண்டம், அல்லது வயிறு முட்டத் தின்றது. எங்கள் பயண நாள் சாப்பாடு மாறவே மாறாது: நல்லெண்ணெய் தடவிய இட்லி, பெரியவளுக்கு மட்டும் கொஞ்சம் பொடி, முக்கால் வயிறு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. ரயிலில் பிஸ்கட்டும் தண்ணீரும்தான். போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த குழந்தைக்கும் குமட்டும். போனை வாங்கிவிட்டு, தலையை ஆடாமல் மடியில் சாய்த்து, காற்று படும்படி வைத்தால் சரியாகும்.

கவரைப் பற்றி ஒரு வார்த்தை. வாந்திக்கென்று கைக்கு எட்டும் இடத்தில் கவர் வைத்திருப்போம், சரி. அதில் ஊதிப் பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. செங்கல்பட்டு தாண்டியதும் மகள் முகம் மாறியது. கவரை விரித்துப் பிடித்தேன், சாதனை செய்த மாதிரி நிமிர்ந்தேன், என் மடி வெதுவெதுப்பாக நனைந்தது. அது பழக்கடைக் கவர். பழம் புழுங்காமல் இருக்க அடியில் நாலு ஓட்டை போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கவரையும் வீட்டிலேயே பலூன் மாதிரி ஊதிப் பார்த்து, உள்ளே ஒரு பழைய துணியைப் போட்டு மடித்து வைக்கிறேன்.

*இரண்டு மூன்று தடவை ஆகிவிட்டது என்றால்* உடனே தண்ணீரைப் புகட்டாதீர்கள், அதுவும் திரும்பி வரும். பத்து நிமிடம் பொறுத்து, ஓஆர்எஸ் கரைசலை ஒரு டீஸ்பூன், ஓரிரு நிமிடம் விட்டு இன்னொரு டீஸ்பூன். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னப் பொட்டலம் 200 மில்லிக்கு. பொட்டலத்தில் போட்டிருப்பதைப் படித்து முழுசாகக் கரைக்க வேண்டும், கண்ணளவில் பாதி போடுவது கூடாது. அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஆகாது. ஓஆர்எஸ் என்ற சொல்லையே அவற்றின் பெயரில் போடக்கூடாதென்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது. வாந்தி நிறுத்தும் மருந்தை, பக்கத்துப் பர்த்காரர் பையிலிருந்து அன்போடு எடுத்துக் கொடுத்தாலும், டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வாந்தி, ஒரு டீஸ்பூன்கூட நிற்கவில்லை, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழிந்து சோர்ந்து கிடக்கிறது. திருச்சியோ மதுரையோ வரப்போகிறது என்றால் அங்கேயே பாருங்கள். தேவையென்றால் அங்கேயே இறங்கிவிடுங்கள், டிக்கெட் போனால் போகட்டும்.

பால் கெட்டுவிட்டது, அல்லது பால் கரைக்க வெந்நீர் இல்லை

தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஒரு துப்பட்டா போதும், அடுத்த தலைப்புக்குப் போகலாம்.

பவுடர் பால் என்றால் நல்ல பிளாஸ்கில் கொதித்த தண்ணீர், பவுடர் ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனி டப்பாவில். முன்கூட்டியே கரைத்து எடுத்துவருவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. கரைத்த பால் இரண்டு மணி நேரம்தான் தாங்கும், குடித்து மிச்சம் வைத்ததை அப்போதே கொட்டிவிட வேண்டும். பசும்பால் குடிக்கும் வயது என்றால் காய்ச்சி ஊற்றி வருவதைவிட, பிரிட்ஜ் தேவைப்படாத சின்ன அட்டைப்பெட்டிப் பால் மேல். பிளாஸ்க் ஆறிவிட்டதா? பேன்ட்ரி இருக்கும் வண்டியில் கேளுங்கள், இல்லாவிட்டால் பெரிய ஸ்டேஷன் டீக்கடை. மின்சாரக் கெட்டிலைச் செருகுவது மட்டும் வேண்டவே வேண்டாம், ரயிலில் அதற்குத் தடை.

"அம்மா, ஒண்ணுக்கு" — போனால் வர மாட்டேன் என்கிறது

பயம்தான் காரணம். சத்தம், ஆட்டம், வழுக்கும் தரை. வண்டி நிற்கும்போதோ மெதுவாகப் போகும்போதோ கூட்டிப்போனால் பாதி பயம் போகும். பின்னாலிருந்து இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்தால் மீதியும் போகும். அப்படியும் முடியாதென்றால் அன்று ஒரு ராத்திரிக்கு டயப்பர், நாலு வயதானாலும் மானம் போகாது. தண்ணீர் வரவில்லையென்றால் பெட்டியின் மறுகோடிக் கழிவறையைப் பாருங்கள், அங்கும் இல்லாவிட்டால் 139 அல்லது ரயில்வேயின் புகார் செயலியான ரயில் மதத். ஒரு லிட்டர் தண்ணீரை இதற்கென்றே தனியாக வைத்திருப்பேன்.

உடம்பு சுடுகிறது

போர்வையை விலக்கிக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மூடி வைத்த சூடு என்றால் தணியும். தணியாவிட்டால் தெர்மாமீட்டர், கையால் கணிப்பது போதாது.

பாராசிட்டமால் எல்லார் பையிலும் இருக்கும். பிசகுவது அளவில்தான். ஒரே கம்பெனி, ஒரே நிற அட்டை, ஆனால் ஒரு பாட்டிலில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், இன்னொன்றில் 250. அந்த நீல விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. பத்து கிலோ குழந்தைக்கு, 15 என்று வைத்தால், முதல் பாட்டிலில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. நடு ராத்திரியில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் கேட்டு, மார்க்கரால் பாட்டில் மேலேயே "தம்பி: இவ்வளவு" என்று எழுதிவிடுங்கள். கொடுத்த நேரத்தைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வேளைக்குக் குறைந்தது நாலு மணி நேரம் ஆக வேண்டும்.

வலிப்பு வந்தால் ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, சாவிக்கொத்தைக் கையில் கொடுக்கக் கூடாது. நேரத்தைப் பாருங்கள், கூடவே ஒருவர் 139-ஐ அழைக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் அடுத்த ஸ்டேஷனிலேயே ஆஸ்பத்திரி. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரியை எட்டினாலே மருந்து கொடுத்துக் காத்திருக்க வேண்டாம், டாக்டர்தான்.

ஜன்னல் ஷட்டரில் விரல் மாட்டிக்கொண்டது

ஸ்லீப்பரில் ஷட்டரைத் தூக்கியதும் கொக்கி "டக்" என்று விழும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அடுத்த குலுக்கலில் கீழே இறங்கும். நசுங்கிய விரலைக் குளிர்ந்த தண்ணீரில் பிடியுங்கள். மடக்க முடியவில்லை, நகம் பெயர்ந்திருக்கிறது, கோணலாகத் தெரிகிறது என்றால் மருத்துவர். பெட்டிகளுக்கு நடுவே உள்ள கதவும் இதே ரகம்.

குழந்தையைக் காணோம்

ஒரு நிமிடம் மூச்சை அடக்கிக்கொண்டு வரிசையாகப் பாருங்கள். மேல் பர்த்துகள். நம் பெட்டியின் இரு கோடிக் கழிவறைகள். பிறகு முன்னும் பின்னும் இரண்டிரண்டு பகுதிகள். எல்லாப் பகுதியும் ஒன்றுபோல இருப்பதால் கழிவறைக்குப் போய்வரும் பிள்ளை ஓரிரு பகுதி முன்னாலேயே திரும்பி, வேறு யாரோ போர்த்திப் படுத்திருப்பதை அம்மா என்று நினைத்து உட்கார்ந்துவிடும். என் மகள் ஒரு தடவை அடுத்த பெட்டியில் எங்கள் அதே எண் பர்த்தில் உட்கார்ந்திருந்தாள். எண் சரி என்பதால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இப்போது எங்கள் கொக்கியில் எப்போதும் ஒரு மஞ்சள் துண்டு தொங்கும். "மஞ்சத் துண்டு வீடு" என்பது அவர்கள் வைத்த பெயர்.

பிளாட்பாரத்தில் விட்டுவிட்டோம், வண்டி நகர்கிறது என்றால் யோசிக்காமல் சங்கிலியை இழுங்கள். தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தால்தான் 1989 ரயில்வே சட்டத்தின் 141-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. இது தகுந்த காரணம். வண்டி வெகுதூரம் வந்துவிட்டதென்றால் டிடிஇ, 139, குழந்தைகள் உதவி எண் 1098. கிளம்புமுன் அன்றைய சட்டையோடு ஒரு போட்டோ எடுத்து வைப்பது இதற்காகத்தான். பதற்றத்தில் சட்டை நிறம் யாருக்கும் ஞாபகம் வராது.

அடுத்த பர்த்காரர் முறைக்கிறார்

முதலில் நம் பக்கம் சரியா என்று பார்க்க வேண்டும். குழந்தை அவர் பர்த்தை உதைக்கிறதா? பாட்டு ஓடுகிறதா? இல்லையென்றால் ஒரு "சாரி சார், பல் முளைக்குது" போதும். அதற்கும் முறைத்தால் முறைக்கட்டும். நம் பிள்ளையை அவருக்காக அடிக்க வேண்டாம், அடித்தால் அழுகை கூடும்.

விடியற்காலையில் இறங்கும் ஸ்டேஷன் வந்துவிட்டது, பிள்ளைகள் எழவில்லை

முடிந்தவரை நம் ஊரோடு முடியும் வண்டியில் போடுங்கள். மதுரைக்குப் பாண்டியன், திருநெல்வேலிக்கு நெல்லை, தூத்துக்குடிக்கு முத்துநகர், கோவைக்குச் சேரன். தாண்டிப் போகும் வண்டியில் இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும். அப்போது இறங்கும் நேரத்துக்கு முக்கால் மணி முன்பு ஒன்று, இருபது நிமிடம் முன்பு ஒன்று என்று இரண்டு அலாரம். வண்டி எங்கே போகிறது என்று காட்டும் செயலியையும் பாருங்கள், தாமதமாக ஓடினால் இன்னும் கொஞ்சம் தூங்கலாம். முதலில் உருப்படிகளை எண்ணிக் கதவுப் பக்கம் வைத்துவிட்டு, கடைசியாகத்தான் பிள்ளையைத் தூக்குவது. ஒருவர் இறங்கிக் கீழே நிற்க, மற்றவர் பிள்ளையைக் கைமாற்றிவிட்டு, பிறகு பைகள். எழுப்பி நடத்திக் கூட்டிப்போக முயலாதீர்கள்.

செருப்பை மட்டும் ராத்திரியே பைக்குள் போட்டுவிடுங்கள். கீழே விட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் நகர்ந்து அடுத்த பகுதி பர்த்தின் அடியில் போய்ச் சேரும். காலை இருட்டில் டார்ச்சோடு குப்புறப் படுத்துத் தேடினாலும் ஒன்றுதான் கிடைக்கும். எங்கள் வீட்டில் ஒற்றைச் செருப்பு மூன்று கிடக்கிறது, மூன்றும் இடது கால்.